கடமான் குட்டி ஒன்று எங்கள் கொட்டகையில் இருக்கிறது, நாங்களே வைத்துக் காப்பாற்றலாமா?

பூண்டுக்காடு (மன்னவனூர்), காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக யோசனை வேண்டும், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

எங்களுக்கு மன்னவனூர் பக்கம் இரண்டரை ஏக்கர், பூண்டும் கேரட்டும். நேற்றுக் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் திருப்பப் போனபோது மேல்காட்டு வேலி ஓரம் மூன்று நாய்கள் எதையோ சுற்றி நின்று குரைத்துக்கொண்டிருந்தன. கல்லை எடுத்து விரட்டிவிட்டுப் பார்த்தால் கடமான் குட்டி. பிறந்து பத்து நாள் இருந்தால் அதிகம். பின்னங்காலில் குளம்புக்கு மேலே நான்கு விரல் தள்ளி, கயிற்றைப் போட்டு இறுக்கினது போல் சுற்றிலும் வெட்டு. தொடையில் நாய்ப்பல் இறங்கிய இரண்டு ஓட்டை. தாயைக் காணோம். அப்படியே விட்டுவிட்டு வந்தால் நாய் தின்றுவிடும் என்று சாக்கில் சுற்றித் தூக்கி வந்து மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்திருக்கிறோம்.

மாட்டுப்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, காய்ச்சி ஆற்றி, புட்டியில் கொடுத்தோம். கொஞ்சம் குடித்தது, மூக்கு வழியாக வந்தது, இருமியது. ராத்திரி இரண்டு தடவை தண்ணீராகக் கழிந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு பிளவு இருக்கிறதே, யார் கிட்டே போனாலும் அது இன்னொரு கண் திறக்கிற மாதிரி விரிந்து உள்ளே சிவப்பாகத் தெரிகிறது. அம்மா அதையும் காயம் என்று நினைத்து மஞ்சள் பூசப் போனார்கள், குட்டி தலையை உதறிக்கொண்டே இருந்ததால் விட்டுவிட்டார்கள். என் மகள் நேற்றுப் பள்ளிக்கூடமே போகவில்லை, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கும் தூக்கமில்லை. மேலே சீகை மரக் காட்டில் ஒரு பெரிய கடமான் விடிய விடியக் கத்திக்கொண்டே இருந்தது, செந்நாய் ஏதாவது இறங்கியிருக்குமோ என்று ஆட்டுப் பட்டியைப் பார்க்க நான்கு தடவை எழுந்தேன்.

கேள்வி இதுதான். பக்கத்துக் காட்டுக்காரர், ஃபாரஸ்டுக்குச் சொன்னால் உன் மேலேதான் கேஸ் வரும், பேசாமல் கால் ஆறும்வரை வைத்திருந்து காட்டில் விட்டுவிடு என்கிறார். முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமில் ரகு, பொம்மி என்று அநாதையாக வந்த யானைக்குட்டிகளையே வளர்த்தார்கள். அமெரிக்காவில் ஒரு அம்மா வீட்டுக்குப் பின்னால் ஆறேழு மான்குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கிற வீடியோவும் பார்த்தேன். அப்படி நாமும் அனுமதி வாங்கி வளர்க்க முடியுமா? யாரிடம் கேட்க வேண்டும்?

கூக்கால் ஏரிக்கரை, காலை 7.05

அண்ணே, பாலை நிறுத்துங்கள். முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறம் உடனே வனத்துறைக்குப் போன் போடுங்கள், இங்கே பதில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, ராத்திரி கத்தியது செந்நாய்க்காக இல்லை அண்ணே. எனக்குத் தெரிந்து அது தாய். உங்கள் கொட்டகையிலிருந்து குட்டி வாசம் வருகிறது, நாய்கள் குரைக்கின்றன, இறங்க முடியாமல் மேலேயே நின்று கூப்பிட்டிருக்கிறது. உங்கள் குட்டி அநாதை இல்லை.

ஓய்வு வனவர் (கூடலூர்), காலை 7.40

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். நாய் வாயிலிருந்து ஒரு உயிரைப் பிடுங்கி வைத்திருக்கிறீர்கள், அதற்காக யாரும் உங்களைக் குற்றவாளியாக்க மாட்டார்கள். ஆனால் சொல்லாமல் வைத்திருந்தால் நாளைக்குக் காலை எட்டு மணிக்கு மேல் கதை மாறிவிடும். காரணம் சொல்கிறேன்.

1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 39-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி கைக்கு வந்த காட்டு விலங்கு அரசாங்கச் சொத்து. எந்த வழியில் கைக்கு வந்திருந்தாலும் சரி, 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும். அந்த 48 மணி நேரத்தை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் போல் நல்லெண்ணத்தில் தூக்கி வந்தவர்களுக்குச் சட்டமே கொடுத்திருக்கிற பாதுகாப்பு அது. போன் செய்த நேரம், பேசியவர் பதவி இரண்டையும் எழுதி வையுங்கள். நேற்று எட்டு மணி என்றால் இப்போதே ஒரு நாள் போய்விட்டது.

சொல்லாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்க மாட்டேன். அதே சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் இல்லை, பிடிப்பதும் சுருக்கு வைப்பதும் வேட்டைதான். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான முன்அனுமதி இல்லாமல் கைவசம் வைத்திருப்பது தனிக் குற்றம். பொதுவான மீறலுக்கு மூன்று வருடம் வரை சிறை அல்லது அபராதம், அந்த அபராதம் முன்பு 25,000 ரூபாய் வரை என்று இருந்ததை 2022 திருத்தத்தில் ஒரு லட்சம் வரை உயர்த்திவிட்டார்கள். முதல் அட்டவணை விலங்கு, அதாவது சட்டம் மிக அதிகப் பாதுகாப்புக் கொடுத்த விலங்கு என்றால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு.

அனுமதி வாங்கி வளர்க்கலாமா என்று கேட்டீர்கள். நம் நாட்டில் தனி ஆள் ஒருவர் பயிற்சி முடித்து, உரிமம் வாங்கி, வீட்டில் வைத்துக் காயம்பட்ட மானைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. மீட்பு மையம் என்று ஒன்றை நடத்த வேண்டுமென்றால் அது சட்டத்தின் கண்ணில் உயிரியல் பூங்கா கணக்கில் வருகிறது, மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். வண்டலூரில் இருப்பது அந்த மாதிரியான மையம். ரகு, பொம்மி கதையும் அப்படித்தான். அந்தக் குட்டிகள் யார் வீட்டிலும் வளரவில்லை, வனத்துறை முகாமில், வனத்துறை ஆட்களின் பொறுப்பில், கால்நடை மருத்துவர் மேற்பார்வையில் வளர்ந்தன. அதையும் இதையும் ஒன்றாக்க முடியாது.

வனத்துறை வந்தால் என்ன செய்வார்கள் என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். சின்னக் காயம், தாய் பக்கத்தில் இருக்கிறது என்றால் மருந்து போட்டு அதே இடத்தில் விடத்தான் பார்ப்பார்கள். பெரிய காயம் என்றால் சிகிச்சைக்கு எடுத்துப் போவார்கள். பிழைக்க வழியே இல்லை, வலியில் துடிக்கிறது என்றால்கூட அதை முடித்துவைக்கும் அதிகாரம் உங்களுக்கோ எனக்கோ உள்ளூர் மருத்துவருக்கோ கிடையாது, 11-வது பிரிவில் அதற்குத் தனி உத்தரவு வேண்டும். இதைச் சொல்லக் காரணம், ஒருமுறை ஒரு தோட்டத்தில் இடுப்பு ஒடிந்த மானை இரக்கப்பட்டு அடித்துக் கொன்றுவிட்டு, அப்புறம் கறியைப் பங்கு போட்டுவிட்டார்கள். இரக்கத்தில் ஆரம்பித்தது முழு வழக்காகப் போய் முடிந்தது. நாய் கடித்துச் செத்த மானானாலும், வண்டி அடித்த மானானாலும் அந்த உடம்பும் அரசாங்கச் சொத்துதான்.

கடைசியாக ஒன்று. காலைச் சுற்றி வெட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேலியில் மாட்டியது மாதிரி எனக்குத் தெரியவில்லை. சுருக்குக் கம்பி. வனத்துறை ஆட்கள் வரும்போது அந்த இடத்தைக் காட்டுங்கள். கம்பி நீங்கள் வைத்ததில்லை என்றால் ஒளிக்க ஒன்றுமில்லை.

மாட்டு டாக்டர் (கோத்தகிரி), காலை 8.15

வனவர் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். ஆட்கள் வந்து சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்பதை நான் சொல்கிறேன். நான் காட்டு விலங்கு மருத்துவன் இல்லை, மாடு ஆடு பார்ப்பவன், ஆனால் எங்கள் பக்கம் கேளையாடும் கடமானும் அடிபட்டு வந்து பார்த்திருக்கிறேன்.

குட்டியை இருட்டில், சத்தமில்லாமல் தனியாக விடுங்கள். உங்கள் மகளிடம் அன்பாகச் சொல்லி வெளியே கூட்டி வாருங்கள். அவள் தடவிக்கொடுக்கும்போது குட்டி அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்துப் பழகிவிட்டது என்று நினைத்திருப்பாள், உண்மையில் அது பயத்தில் உறைந்து கிடக்கிறது. மான் இனத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. பிடிபட்டு, கட்டுப்பட்டு, மனிதர்கள் நடுவில் இருக்கிற பயத்திலேயே தசைகள் உள்ளுக்குள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகமும் இதயமும் கெட்டுப்போகும். காயம் ஆறிவிட்டது, நன்றாகத்தான் இருந்தது, மூன்றாம் நாள் திடீரென்று செத்துவிட்டது என்று சொல்வார்களே, பல தடவை காரணம் இதுதான். கண்ணுக்குக் கீழே திறக்கிறது என்றீர்களே, அது காயமில்லை. கடமானுக்கு அங்கே ஒரு சுரப்பி இருக்கிறது, மிரண்டாலோ பதற்றப்பட்டாலோ அப்படி விரியும். நீங்கள் கிட்டே போகிற ஒவ்வொரு தடவையும் அது திறக்கிறது என்றால் அந்தக் குட்டி எவ்வளவு பயந்திருக்கிறது என்று அதுவே உங்களிடம் சொல்கிறது. அதைத் தொடாதீர்கள்.

மூக்கு வழியாகப் பால் வந்து இருமியது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. மல்லாத்தியோ மடியில் சாய்த்தோ கொடுத்திருப்பீர்கள். நுரையீரலுக்குப் போயிருந்தால் காயத்தை விட அது சீக்கிரம் ஆளைக் கொல்லும். வரும் மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். மான்பாலில் கொழுப்பும் புரதமும் மாட்டுப்பாலை விட மிக அதிகம், அந்த மாட்டுப்பாலில் தண்ணீர் வேறு கலந்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். இனி வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், சட்டியில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

காயத்தில் மஞ்சள், வேப்பெண்ணெய், சாணம் எதுவும் வேண்டாம். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்துங்கள், அவ்வளவுதான். ராத்திரி குளிர் என்பதால் பக்கத்தில் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். காலைக் கட்டாதீர்கள்.

வலி மாத்திரை பற்றி யாராவது சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். மனிதர்கள் சாப்பிடும் எதையும் கொடுக்காதீர்கள், வீட்டில் மாட்டுக்கு வாங்கி வைத்த பழைய ஊசி மருந்தும் வேண்டாம். டைக்ளோஃபெனாக் என்ற மருந்தைக் கால்நடைகளுக்குப் போடுவதை 2006-லேயே தடை செய்தார்கள், கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டையும் 2023-ல் தடை செய்தார்கள். காரணம் பிணந்தின்னிக் கழுகு. மருந்து ஏறிய உடம்பைத் தின்றால் கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும், ஒரு பிணத்திலிருந்து ஒரு கூட்டமே சாகும். எங்கள் நீலகிரியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிற கழுகுகள் தென்னாட்டுக்கே பெரிய சொத்து. காட்டில் சாகும் மானை யார் தின்பார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது, அதனால் எந்த மருந்தானாலும் மருத்துவர் போடட்டும்.

அப்புறம் உங்களுக்கு. நாய் கடித்த விலங்கைத் தூக்கியிருக்கிறீர்கள். கையில் சிராய்ப்பு, பூண்டு உரித்த வெடிப்பு ஏதாவது இருந்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டில் குட்டியைத் தொட்ட எல்லோரும்.

கேத்தி உருளை, காலை 8.50

போன் பண்ணு போன் பண்ணு என்று எல்லோரும் சொல்கிறீர்கள், சரிதான். நான் பண்ணினேன். இரண்டு வருடம் முன்பு எங்கள் காட்டில் ஒரு பெண் கடமான் முள்வேலியில் வயிறு கிழிந்து கிடந்தது. காலை ஒன்பது மணிக்குச் சொன்னேன், வண்டி இல்லை, ஆள் வேறு பக்கம் போயிருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி வந்து சேர்ந்தபோது மூன்றரை மணி. அது இரண்டு மணிக்கே போய்விட்டது. நான் குடையை விரித்து வெயில் படாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதுதான் மிச்சம். வயிற்றில் குட்டி இருந்தது என்று அப்புறம் சொன்னார்கள். எந்த அலுவலகம் என்று எழுத விரும்பவில்லை, ஆனால் இதையும் யாராவது பேச வேண்டும். எங்களைத் தொடாதே என்கிறீர்கள், நீங்களும் வர மாட்டேன் என்றால் அந்த உயிர் யாரை நம்பும்?

ஓய்வு வனவர் (கூடலூர்), காலை 9.20

நீங்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் எனக்கும் அப்படித் தாமதமான நாட்கள் உண்டு. ஒரு வனவருக்குக் கீழே இரண்டு மூன்று பேர், அதில் ஒருவர் யானை விரட்டப் போயிருப்பார், ஒருவர் தீத்தடுப்புக்குப் போயிருப்பார், ஜீப்பை வேறு வேலைக்கு எடுத்திருப்பார்கள். இது சமாதானம் இல்லை, நடப்பு. மான் அடிபட்டது என்றால் யானை, சிறுத்தை அளவுக்கு அவசரம் காட்டுவதில்லை என்பதும் உண்மை, அது மாற வேண்டும்.

ஒரு இடத்தோடு நிற்காதீர்கள். வனச்சரக அலுவலகத்தில் ஆள் எடுக்கவில்லையா, மாவட்ட வன அலுவலர் அலுவலகத்துக்குப் பேசுங்கள். அதுவும் இல்லையா, 112-ல் காவல்துறைக்குச் சொல்லுங்கள், சட்டமே காவல் நிலையத்தில் சொன்னால் போதும் என்கிறது. போனில் சொன்னதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள், இடம், நேரம், என்ன விலங்கு, நிற்கிறதா கிடக்கிறதா, ரத்தம் வருகிறதா என்று. எழுத்தில் வந்துவிட்டால் யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. வேலை வேகமாக நடக்கும்.

குன்னூர்க்காரன் (இப்போது அமெரிக்காவில்), காலை 9.45

அந்த வீடியோவைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என் பக்கத்து வீட்டம்மா இந்த வேலையைச் செய்தவர், மான் இல்லை, அணிலும் முயலும். இங்கே காட்டு விலங்கு மாநில அரசின் பொறுப்பு. மாநில வனவிலங்குத் துறையிடம் உரிமம் வாங்கியவர் மட்டும்தான் அடிபட்டதை வைத்திருக்கலாம். பயிற்சி, தேர்வு, கூண்டு அளவு, கூடவே ஒரு கால்நடை மருத்துவர், வருடா வருடம் கணக்கு ஒப்படைப்பது என்று மாநிலத்துக்கு மாநிலம் ஒவ்வொரு விதம். உரிமம் இல்லாதவர் குட்டியைத் தூக்கினால் நேராக அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

அதிலும் மானுக்கு என்று வரும்போது விதி இன்னும் இறுக்கம். அணில் வைத்திருக்க உரிமம் உள்ளவருக்கு மான் வைத்திருக்கவும் உரிமை இருக்கும் என்று சொல்ல முடியாது. சில மாநிலங்களில் மானை மீட்டு வளர்ப்பதே கூடாது, சில இடங்களில் குட்டி மட்டும் சரி, வளர்ந்தது கூடாது, ஒரு மாவட்டத்து மானை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. காரணம் ‘கிரானிக் வேஸ்டிங்’ என்ற ஒரு நோய். மான் வற்றி வற்றி எலும்பும் தோலுமாகி, எச்சில் வழிய, தலை தொங்கி நின்று சாகும். 1967-ல் கொலராடோவில் ஆராய்ச்சிக்கு அடைத்து வைத்திருந்த மான்களில் முதலில் பார்த்தார்கள், இப்போது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது, 2016-ல் நார்வேயிலும் வந்தது. மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது, அந்தக் கிருமி மண்ணிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். பல இடத்து மான்களை ஒரே கொட்டிலில் சேர்த்து, அப்புறம் பல இடத்தில் விட்டால் நோயை நாமே விதைத்த மாதிரி. அதனால்தான் அவ்வளவு கெடுபிடி. வீடியோவில் ஆறேழு குட்டியும் புட்டியும் தெரியும், பின்னால் இருக்கும் காகிதமும் கட்டுப்பாடும் தெரியாது.

மாட்டு டாக்டர் (கோத்தகிரி), காலை 10.05

அந்த நோய் நம் நாட்டு மான்களில் கண்டதாகப் பதிவு இல்லை, அதனால் அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் மாட்டுக் கொட்டகையில் காட்டு மானை வைப்பதில் நமக்கு வேறு கவலை உண்டு. கோமாரி மாட்டுக்கும் மானுக்கும் பொதுவான நோய், காசநோயும் அப்படித்தான், உண்ணியும் இங்கிருந்து அங்கே ஏறும். உங்கள் மாட்டிடமிருந்து குட்டிக்கு, குட்டியிடமிருந்து காட்டுக்கு என்று போனால் அப்புறம் பிடிக்க முடியாது. மாட்டை இன்றைக்கு ஒரு நாள் வெளியே கட்டுங்கள்.

மசினகுடி அக்கா, காலை 10.30

எல்லோரும் சட்டம் சொன்னீர்கள், மருந்து சொன்னீர்கள். நான் வளர்த்த கதையைச் சொல்கிறேன் தம்பி, உங்கள் மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் அப்பா விறகுக்குப் போன இடத்தில் ஒரு புள்ளிமான் குட்டி புதரடியில் தனியாகச் சுருண்டு கிடந்தது என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காயம் எதுவும் இல்லை. தாய் செத்துவிட்டது போலிருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மான் தன் குட்டியைப் புல்லில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் மேயப் போகும், சின்னக் குட்டிக்கு வாசமே அவ்வளவாக இருக்காது, கூடவே தாய் நின்றால்தான் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் காட்டிக்கொடுக்கும், ஒரு நாளைக்குச் சில தடவை வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி போய்விடும், இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்பா எடுத்தது அநாதையை இல்லை, தாய் ஒளித்து வைத்த பிள்ளையை எடுத்திருக்கிறார். அந்தத் தாய் அன்றைக்குச் சாயங்காலம் அங்கே வந்து என்ன பண்ணியிருக்கும் என்று இப்போதும் எனக்கு நெஞ்சு கலங்கும்.

ஆட்டுப்பாலில் வளர்ந்தது. என் பின்னாலேயே கடைக்கு வரும், அடுப்படியில் வந்து படுக்கும். கிடா. ஒன்றரை வயதில் கொம்பு முளைத்தது, தோல் உரிந்து கொம்பு இறுகினதும் அது வேறு மிருகமாகிவிட்டது. காட்டு மான் மனிதனைக் கண்டால் ஓடும். இதற்குப் பயமே இல்லை, நம்மையும் இன்னொரு கிடா என்றே நினைத்தது. பாட்டியைத் தொடையில் குத்தித் தள்ளியது, பதினோரு தையல். அப்புறம் கட்டிப் போட்டோம், கட்டினால் கழுத்தை அறுத்துக்கொண்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டாம் நாள் திரும்பி ஊருக்குள் வந்தது, நாயைப் பார்த்து ஓடத் தெரியவில்லை, நாய் என்றால் எங்கள் வீட்டு நாய் மாதிரி என்று நினைத்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பின்னால் நான்கு நாய்கள் சேர்ந்து கிழித்துப் போட்டிருந்தன. நான்தான் முதலில் பார்த்தேன்.

பாசம் வைத்துத்தான் வளர்த்தோம். கொடுத்துவிடுங்கள் தம்பி.

பூண்டுக்காடு (மன்னவனூர்), காலை 10.50

அக்கா, படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, கொட்டகைக் கதவில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஏழரைக்கே போன் செய்துவிட்டேன், வனவர் ஐயா சொன்னபடி குறுஞ்செய்தியும் அனுப்பினேன். கிளம்பிவிட்டோம் என்றார்கள். பாலை நிறுத்தி மூன்று மணி நேரத்துக்கு மேலாகிறது, அதற்குப் பிறகு கழியவில்லை. ஒரு சந்தேகம், நாங்கள் எல்லோரும் தொட்டுவிட்டோமே, மனிதக் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்களே?

மாட்டு டாக்டர் (கோத்தகிரி), காலை 11.00

அது பழைய நம்பிக்கை. உங்கள் வெள்ளாட்டுக் குட்டியை நீங்கள் தினமும் தூக்குகிறீர்கள், தாய் சேர்க்காமலா இருக்கிறது? மான் தன் குட்டியை வாசத்திலும் குரலிலும் கண்டுகொள்ளும், நம் கைவாசம் அதை அழித்துவிடாது. ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரைக்கும்கூட விட்ட இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து தேடும். காலின் உள்நரம்பு அறுந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் இப்போது கேள்வி. ஊன்றி நிற்கிறதா?

பூண்டுக்காடு (மன்னவனூர்), காலை 11.05

நிற்கிறது டாக்டர். நொண்டுகிறது, ஆனால் குளம்பைத் தரையில் வைக்கிறது.

பூண்டுக்காடு (மன்னவனூர்), மறுநாள் காலை 9.15

நேற்று எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

பன்னிரண்டே காலுக்கு வனவர், இரண்டு வனக்காவலர்கள், ஒரு கால்நடை மருத்துவர் வந்தார்கள். கேஸ் என்ற பேச்சே வரவில்லை. எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். குட்டியின் தலையில் துணியைப் போட்டுக் கண்ணை மூடிய உடனே அது அடங்கியது, எங்களுக்கு அது தோன்றவே இல்லை. வெட்டு தோலோடும் கொஞ்சம் சதையோடும் நின்றிருக்கிறது, நரம்பு தப்பித்துவிட்டது என்றார் மருத்துவர். கழுவி, ஊசி போட்டு, நாய்ப்பல் ஓட்டையைத் தைக்காமல் திறந்தே விட்டார், உள்ளே சீழ் கட்டக் கூடாதாம். நெஞ்சில் காது வைத்து ரொம்ப நேரம் கேட்டார், பால் உள்ளே இறங்கினதாகத் தெரியவில்லை என்றார். எங்கள் நான்கு பேரையும் தடுப்பூசிக்கு அனுப்பினார், முதல் ஊசி போட்டாயிற்று.

கொண்டுபோய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ராத்திரி கத்தியதைச் சொன்னதும் வனவர் சீகைக் காட்டுப் பக்கம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், பெரிய குளம்பு ஒன்று வேலி ஓரமாகவே போய்த் திரும்பிப் போய்த் திரும்பி நடந்திருக்கிறது, மண் சேறாகியிருக்கிறது. ஒரு ராத்திரி பார்க்கலாம், தாய் எடுக்கவில்லை என்றால் காலையில் கொண்டுபோகிறோம் என்றார்கள். ஐந்து மணிக்கு எங்கள் பக்கத்தில் இருக்கும் ஏழு வீட்டு நாய்களையும் கட்ட வைத்தார்கள், கட்டாதவர் வீட்டுக்கு வனவரே நேரில் போனார். ஐந்தரைக்கு, கிடைத்த இடத்துக்கு இருபது அடி மேலே, புல் உயரமாக இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு எல்லோரும் இறங்கிவிட்டோம். ஒரு வனக்காவலர் மட்டும் கீழே பம்பு செட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்கு மேல் ஒரே ஒரு தடவை கத்தும் சத்தம் எனக்கும் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

காலையில் புல் மடிந்திருந்தது, குட்டி இல்லை. பக்கத்தில் பெரிய குளம்பும் சின்னக் குளம்பும் சேர்ந்தே மேலே ஏறியிருந்தன, சின்னதில் ஒரு கால் மட்டும் லேசாக இழுத்த தடம். ரத்தமோ இழுபறியோ எங்கும் இல்லை. மகள் அந்தத் தடத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று நின்றுவிட்டாள், நானும் போகவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருவர் வந்து அந்தப் பக்கம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கூடலூர் வனவர் ஐயா, நீங்கள் சொன்னது சரி. குட்டி கிடந்த இடத்திலிருந்து பத்தடியில் பைக் கிளட்ச் கம்பியில் சுருக்கு, காட்டுப்பன்றிக்கு வைத்தது, பூண்டுப் பாத்தியிலிருந்து ஒரு பாதை போகிறதே அதன் மேலேயே. என்னுடையது இல்லை, யாருடையது என்று எனக்குத் தெரியும், அதை இங்கே வந்த வனவரிடம் சொல்லிவிட்டேன். இன்று காலை ஆறு மணியிலிருந்து நானும் வனக்காவலர் ஒருவரும் வேலி ஓரமே நடந்தோம், இன்னும் நான்கு கிடைத்தது. ஒன்று என் காட்டுக்குள்ளேயே, கேரட்டுப் பாத்தி முனையில். நான் தினமும் தாண்டிப் போகும் இடம், எனக்குத் தெரியவே இல்லை.

நாளைக்கும் மேல்வரிசை முழுக்கப் பார்க்கப் போகிறோம். பூம்பாறை, கவுஞ்சிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது வர முடியுமானால் காலை ஆறரைக்கு மன்னவனூர் பஸ் நிற்கும் இடத்துக்கு வாருங்கள். கம்பி வெட்டும் குறடு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, இருந்தால் எடுத்து வாருங்கள்.